ஆர் ஸ்கிரிப்டும் பைல் பாதையும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளத்து நீர்மட்டம், மழைவீழ்ச்சி, நெல் விளைச்சல், கிணற்றுநீர்ப் பரிசோதனை, வீட்டு ஆய்வு. வன்னியில் ஆர் (R) என்ற புள்ளிவிபர நிரல்மொழியைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுக்காகத்தான் எடுக்கிறார்கள். அறிவியல்நகரில் விவசாயமும் பொறியியலும் படிப்பவர்கள், வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்கள், திணைக்களங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் தரவு பார்ப்பவர்கள் என்று பலர் என்னிடம் சிக்கல்களைக் கொண்டுவருகிறார்கள். அவற்றில் புள்ளிவிபரவியல் குறைவு. பைல் கண்முன்னே இருக்கிறது, ஆருக்கு மட்டும் அது தெரியவில்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வருவது. அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே ஒன்றாகத் தருகிறேன்.

விளக்கத்துக்கு ஒரு மாதிரிப் புரொஜெக்டை எடுத்துக்கொள்வோம். பெயர் ‘குளநீர்’. உள்ளே டேட்டா, ஸ்கிரிப்ட்ஸ், அவுட்புட் என்று மூன்று போல்டர்கள். டேட்டாவுக்குள் மூன்று குளங்களின் தரவு அட்டவணைகள்: இரணைமடு.சிஎஸ்வி, வவுனிக்குளம்.சிஎஸ்வி, முத்தையன்கட்டு.சிஎஸ்வி. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஆரில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

என் லப்டொப்பில் ஒழுங்காக ஓடுகிற ஸ்கிரிப்ட் (ஆர் கட்டளைகளை எழுதிய பைல்), குழுவில் இருக்கிற மற்றப் பிள்ளையின் லப்டொப்பில் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. ஏன்?

முதல் வரியைப் பாருங்கள். செட்-டபிள்யூ-டி("சி:/யூசர்ஸ்/உங்கள் பெயர்/டெஸ்க்டொப்/குளநீர்") என்று இருக்கும். அந்தப் பாதை உலகத்தில் ஒரே ஒரு கணினியில்தான் உண்டு, அது உங்களுடையது. மற்றவருடைய கணினியில் அந்தப் பெயரில் பயனர் இல்லை, டெஸ்க்டொப்பில் அந்தப் போல்டரும் இல்லை. இல்லாத இடத்துக்குப் போகச் சொன்னால் ஆர் எரர் காட்டி நிற்கத்தான் செய்யும்.

இப்படி டிரைவ் எழுத்திலிருந்து தொடங்கும் பாதையை முழுப்பாதை என்கிறோம். டேட்டா/இரணைமடு.சிஎஸ்வி என்று இடையிலிருந்து தொடங்குவது சார்புப்பாதை. பரந்தனில் ஒருவருக்கு வழி சொல்லும்போது ‘என் வீட்டுப் படலையிலிருந்து இடப்பக்கம்’ என்று சொன்னால் உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் விளங்கும். ‘பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு றோட்டில்’ என்று தொடங்கினால் யாரும் வந்து சேருவார்கள். ஸ்கிரிப்டிலும் எல்லாருக்கும் பொதுவான ஒரு சந்தி வேண்டும். புரொஜெக்டின் வேர்ப் போல்டர்தான் அந்தச் சந்தி. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான்: உங்கள் கணினியிலிருந்து தொடங்காதீர்கள், புரொஜெக்டின் வேரிலிருந்து தொடங்குங்கள்.

சார்புப்பாதை என்றால் எதைச் சார்ந்தது?

அந்த நேரத்தில் ஆர் எந்தப் போல்டரில் நிற்கிறதோ அதை. அதற்குப் பெயர் வேர்க்கிங் டைரக்டரி. கெட்-டபிள்யூ-டி() என்று தட்டினால் அது எது என்று காட்டும். ஸ்கிரிப்ட் பைல் எங்கே இருக்கிறது என்பதற்கும் ஆர் எங்கே நிற்கிறது என்பதற்கும் தானாக ஒரு தொடர்பும் கிடையாது. பலர் இடறுவது இங்கேதான். ஸ்கிரிப்டும் டேட்டாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஆர் கண்டுபிடித்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஆர் அப்படித் தேடுவதில்லை.

ஆரில் வேலை செய்யப் பலரும் பாவிக்கும் ஆர்ஸ்டூடியோ என்ற மென்பொருளில் இன்னொரு குழப்பம் உண்டு. அது மூடியிருக்கும்போது ஒரு ஸ்கிரிப்ட் மேல் இரட்டைச் சொடுக்குப் போட்டால், அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் போல்டரே வேர்க்கிங் டைரக்டரி ஆகிறது. ஏற்கெனவே திறந்திருந்தால் பைல் மட்டும் திறக்கும், ஆர் பழைய இடத்திலேயே நிற்கும். காலையில் ஓடியது பின்னேரம் ஓடவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

அப்படியென்றால் ஒவ்வொருவரும் முதல் வரியை மாற்றிக்கொண்டால் சரிதானே, சேர்?

இரண்டு பேர், ஒரு ஸ்கிரிப்ட் என்றால் சமாளிக்கலாம். ஆனால் வேலை அப்படி நிற்பதில்லை. ஒரு திணைக்களத்தில் நீர்மட்டத் தரவைப் பார்த்தவர் இடமாற்றத்தில் போகிறார், புதியவர் வருகிறார். இறுதியாண்டு மாணவி செய்த ஆய்வை அடுத்த அணி தொடர்கிறது. ஸ்கிரிப்டுகள் பத்தாகின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் ஒவ்வொரு பாதை. அதோடு ஒருவர் மாற்றிச் சேமித்ததை மற்றவர் வாங்கினால் அவருக்கு உடைகிறது, அவர் மாற்றினால் இவருக்கு உடைகிறது.

செட்-டபிள்யூ-டி பற்றி எனக்கு இருக்கும் பெரிய மறுப்பு வேறு. அது முழு ஆர் அமர்வின் நிலையையும் மாற்றுகிறது. ஸ்கிரிப்டின் நடுவில் அவுட்புட் போல்டருக்குள் போய், அங்கே ஓர் எரர் வந்து நின்றுவிட்டால், ஆர் அங்கேயே நிற்கும். அடுத்து ஓட்டுகிற எல்லாம் தப்பான இடத்திலிருந்து தேடும், தப்பான இடத்தில் எழுதும். எரர் வந்தால் கண்டுபிடிக்கலாம். பழைய பெயரில் இன்னொரு போல்டரில் ஒரு பைல் இருந்து, அதை ஆர் சத்தமில்லாமல் படித்துவிட்டால்? 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிய வரைபில் வேறோர் ஆண்டின் நீர்மட்டம் ஏறிவிடும், ஒருவருக்கும் தெரியாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் அனுபவித்த ஒன்றைப் பற்றி எழுதுகிறோம். எண் எந்தப் பைலிலிருந்து வந்தது என்பதில் சந்தேகம் இருக்கக்கூடாது.

ஒரு வேலைக்காகத் தற்காலிகமாக இடம் மாறியே ஆகவேண்டும் என்றால் வித்ஆர் என்ற பக்கேஜில் (பக்கேஜ் என்பது ஆரோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் கட்டளைத் தொகுப்பு) வித்_டிர் என்ற கட்டளை இருக்கிறது. வேலை முடிந்தாலும் எரர் வந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

வேர்ப் போல்டர் என்று எதைத் தெரிவுசெய்வது?

ஒரு ஆய்வுக்கு வேண்டிய எல்லாம் எந்தப் போல்டருக்குள் அடங்குகிறதோ அது. டெஸ்க்டொப்பை வேராக வைக்காதீர்கள், ‘கம்பஸ் வேலை’ என்று எல்லாப் பாடத்தையும் கொட்டி வைத்த போல்டரையும் வேண்டாம். ‘குளநீர்’ போல்டரைத் தூக்கி இன்னொரு கணினியில் வைத்தால் வேறொன்றும் தேவைப்படக்கூடாது. அவ்வளவுதான் அளவுகோல்.

ஆர்ஸ்டூடியோ புரொஜெக்ட் என்பது என்ன? வெறும் போல்டர் போதாதா?

பைல் மெனுவில் நியூ புரொஜெக்ட் என்று போய், ஏற்கெனவே இருக்கும் ‘குளநீர்’ போல்டரைக் காட்டினால், அதற்குள் குளநீர்.ஆர்புரொஜ் என்ற சிறிய பைல் ஒன்று உருவாகும். இனிமேல் வேலை தொடங்கும்போது அந்தப் பைலைத் திறவுங்கள். ஆர்ஸ்டூடியோ புதிய அமர்வைத் தொடங்கி, வேர்ப் போல்டரிலேயே போய் நிற்கும். அதன் பிறகு ரீட்.சிஎஸ்வி("டேட்டா/இரணைமடு.சிஎஸ்வி") என்று எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும். செட்-டபிள்யூ-டி வரியை அழித்துவிடலாம்.

சிறிய வேலைகளுக்கு இதுவே போதும். இந்தப் பக்கத்தில் வேறெதுவும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றை இன்றைக்கே செய்யுங்கள்.

பிறகு எதற்கு ஹியர் பக்கேஜ்?

புரொஜெக்ட் பைலைத் திறந்து தொடங்கினால்தான் மேலே சொன்னது ஓடும். எல்லாரும் அப்படித் தொடங்கமாட்டார்கள். ஆர் மார்க்டவுன் அறிக்கை (உரையும் ஆர் கட்டளையும் ஒன்றாக எழுதிய பைல்) ஓட்டும்போதும், கட்டளை வரியிலிருந்து ஓட்டும்போதும் ஆர் வேறிடத்தில் நிற்கும். ஹியர் அங்கே கைகொடுக்கிறது.

இதை எழுதியவர் கிரில் முல்லர், 2017இல் வெளிவந்தது. அதன் அடியில் அவருடைய ஆர்-புரொஜ்-ரூட் என்ற பக்கேஜ் இருக்கிறது. வேலை செய்யும் விதம் எளிது. ஆர் நிற்கும் போல்டரிலிருந்து ஹியர் மேலே மேலே ஏறிப் பார்க்கும். ஆர்புரொஜ் பைல், .ஹியர் என்ற வெற்றுப் பைல், .கிட் போல்டர் (பைல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி உருவாக்குவது), டிஸ்கிரிப்ஷன் பைல் போன்ற அடையாளங்களில் ஒன்று தென்படும் முதல் போல்டரை வேர் என்று முடிவுசெய்யும். பிறகு நீங்கள்

ரீட்.சிஎஸ்வி(ஹியர்("டேட்டா", "இரணைமடு.சிஎஸ்வி"))

என்று எழுதினால், அந்தந்தக் கணினிக்குரிய முழுப்பாதையை அதுவே கட்டித் தரும். ஸ்கிரிப்டில் சார்புப்பாதை, ஓடும்போது முழுப்பாதை. ஆர் வேர்ப் போல்டருக்குள் எங்கே நின்றாலும் ஒரே பைல்தான் திறக்கும்.

ஒரு சிறு எச்சரிக்கை: பிளையர் என்ற பழைய பக்கேஜிலும் ஹியர் என்று வேறொரு கட்டளை உண்டு. இரண்டையும் ஏற்றினால் மோதும். ஹியர்::ஹியர் என்று முழுப்பெயரில் எழுதிப் பழகினால் அந்தத் தலையிடி இல்லை.

ஹியர் தப்பான போல்டரைக் காட்டுகிறதே?

டிஆர்_ஹியர்() என்று தட்டுங்கள். எந்தப் போல்டரை வேராக எடுத்தது, எந்த அடையாளத்தைப் பார்த்து எடுத்தது என்று விளக்கமாகச் சொல்லும். நான் பார்த்தவரை காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, உள்ளே இன்னொரு புரொஜெக்ட். இணையத்திலிருந்து இறக்கிய ஒரு போல்டரை டேட்டாவுக்குள் அப்படியே போட்டிருப்பீர்கள், அதற்குள் ஒரு .கிட் அல்லது ஆர்புரொஜ் இருக்கும். ஆர் அதற்குள் நின்று தொடங்கினால் ஹியர் அதையே பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, எந்த அடையாளமுமே இல்லை. அப்போது ஹியர் எரர் தராமல் நடப்பு வேர்க்கிங் டைரக்டரியையே வேர் என்று எடுத்துக்கொள்ளும். எனக்கு இது பிடிக்காத நடத்தை, ஏனென்றால் பிழை மறைந்து நிற்கிறது. மூன்றாவது, பக்கேஜை ஏற்றும்போதே வேர் தீர்மானிக்கப்படுகிறது. அதன் பிறகு செட்-டபிள்யூ-டி போட்டு வேறு புரொஜெக்டுக்குத் தாவினால் ஹியர் கூடவே வராது. ஆரை மறுபடி தொடங்குங்கள்.

ஐ_ஆம் என்று சில ஸ்கிரிப்டுகளின் தலையில் பார்க்கிறேன். அது என்ன?

2020இல் வந்த ஹியர் 1.0.0 பதிப்பில் சேர்ந்தது. ஹியர்::ஐ_ஆம்("ஸ்கிரிப்ட்ஸ்/சுத்தம்.ஆர்") என்று எழுதினால், ‘வேரிலிருந்து பார்த்தால் நான் இந்த இடத்தில் இருக்கும் பைல்’ என்று ஸ்கிரிப்ட் தன்னை அறிவிக்கிறது. அப்படி ஒரு பைல் இருக்கும் வேரை ஹியர் மேல்நோக்கித் தேடும். கிடைக்காவிட்டால் உடனே எரர் வரும். மேலே நான் குறைப்பட்ட நடத்தைக்கு இதுதான் மருந்து. ஆகவே எல்லா ஸ்கிரிப்டின் முதல் வரியாகவும் இதை வைக்கச் சொல்கிறேன். ஸ்கிரிப்டை வேறு போல்டருக்கு நகர்த்தினால் இந்த வரியையும் திருத்தவேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

விண்டோஸில் பாதையைக் கொப்பி பண்ணி ஒட்டினால் ஏதோ பதினாறின்மக் குறி என்று எரர் வருகிறது.

விண்டோஸ் பாதைகளில் பின்சாய்கோடு இருக்கும். ஆரில் மேற்கோளுக்குள் வரும் பின்சாய்கோடு, அடுத்த எழுத்தோடு சேர்ந்து வேறு பொருள் கொள்ளும். சி:\யூசர்ஸ் என்பதில் சாய்கோடும் பெரிய யூவும் சேர்ந்தால் யூனிகோட் எழுத்து ஒன்று வரப்போகிறது என்று ஆர் எதிர்பார்க்கிறது, வராததால் கத்துகிறது. இதைவிடப் பொல்லாதது எரர் வராத இடம்: டெம்ப் என்ற போல்டருக்கு முன்னால் பின்சாய்கோடு வந்தால், அது சாய்கோடும் சிறிய டீயும் சேர்ந்து டாப் இடைவெளி ஆகிவிடும். பாதை பார்வைக்குச் சரி, பைல் மட்டும் கிடைக்காது.

முன்சாய்கோட்டைப் போடுங்கள். விண்டோஸிலும் ஆர் அதை ஏற்றுக்கொள்ளும். ஆர் 4.0.0இலிருந்து பின்சாய்கோட்டை உள்ளபடியே எழுத ஆர்"(…)" என்ற வடிவமும் உண்டு. ஆனால் ஹியர் அல்லது பைல்.பாத் பயன்படுத்தினால் சாய்கோடு என்ற பேச்சே எழாது.

போல்டருக்கும் பைலுக்கும் தமிழில் பெயர் வைக்கலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல விரும்புகிறேன். தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஆங்கில வழிகாட்டிகள் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

வைக்கலாம், ஆனால் கணினி புதிதாக இருக்கவேண்டும். 2022இல் வந்த ஆர் 4.2.0 முதல், விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலோ அதற்குப் பிந்தியதிலோ ஆர் தன் உள் எழுத்துமுறையாக யூடிஎப்-8ஐ எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய ஆரில் விண்டோஸில் தமிழ்ப் பெயருள்ள பைலைத் திறப்பது பெரும்பாடு. பெயர் கேள்விக்குறிகளாகவோ மூலைக்குறிக்குள் குறியீட்டு எண்களாகவோ மாறிவிடும். அலுவலகங்களில் பழைய கணினியும் பழைய ஆரும் இன்னமும் இருப்பதை மறக்கவேண்டாம். லினக்ஸிலும் மக்கிலும் இந்தத் தொல்லை கிடையாது.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத சிக்கல். ‘தொகுப்பு’ என்ற சொல்லின் முதல் எழுத்தில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஒருவர் ஒரு விசைப்பலகையில் தட்டிய பைல் பெயரும் நீங்கள் ஸ்கிரிப்டில் தட்டிய பெயரும் அச்சாக ஒத்திருந்தும் பைல்.எக்சிஸ்ட்ஸ் ‘இல்லை’ என்று சொன்னால் இதைச் சந்தேகியுங்கள். பெயரை நீங்கள் தட்டாமல் லிஸ்ட்.பைல்ஸ் தரும் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டால் தப்பலாம். ஸ்ட்ரிங்ஐ பக்கேஜில் உள்ள ஸ்டிரி_டிரான்ஸ்_என்எப்சி கட்டளையால் இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தும் ஒப்பிடலாம்.

பாமினியில் தட்டிய பைல் பெயர்களை என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். பாமினி யூனிகோட் அல்ல. பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் கணினியில் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் எழுதவேண்டாம், முதலில் பெயரை மாற்றுங்கள்.

என் நடைமுறை இது: பாதையில் வரும் பெயர்கள் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல். பைலுக்கு உள்ளே குளத்தின் பெயர், கிராம அலுவலர் பிரிவின் பெயர், வரைபின் தலைப்பு எல்லாம் தமிழில். தமிழ் இருக்கவேண்டிய இடம் வாசிப்பவரின் கண் படும் இடம், அங்கே அதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

காலபோகம் 2023/24 என்று பைலுக்குப் பெயர் வைத்தால் சேமிக்க முடியவில்லை.

காலபோகம் ஓராண்டின் கடைசியில் தொடங்கி அடுத்த ஆண்டில் அறுவடையாவதால் நாம் எப்போதும் சாய்கோட்டோடுதான் எழுதுகிறோம். பாதையில் சாய்கோடு என்றால் ‘இதற்குள்’ என்று பொருள். விண்டோஸ் அந்தக் குறியைப் பெயரில் அனுமதிக்காது. ஆரில் பேஸ்ட் பண்ணிப் பெயரை உருவாக்கினால் 2023 என்ற போல்டருக்குள் 24 என்ற பைலைத் தேடும். பெயரில் 2023-24 என்று சிறுகோடு போடுங்கள். தரவு நிரலுக்குள் 2023/24 என்றே இருக்கலாம். பெயர் உருவாக்கும்போது ஜிசப் கட்டளையால் சாய்கோட்டை மாற்றிவிடுங்கள். சிறுபோகத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஆனாலும் ஒரே ஒழுங்கில் வையுங்கள்.

பென்டிரைவிலும் வட்ஸ்அப்பிலுந்தான் நாங்கள் பைல்களைப் பரிமாறுகிறோம். அதற்கு ஏதும் வழி?

பென்டிரைவில் இருந்தபடியே ஓட்டினால் டிரைவ் எழுத்து ஒரு கணினியில் ஈ, இன்னொன்றில் எப் என்று வரும். முழுப்பாதை எழுதியிருந்தால் உடைந்தது. ஹியர் பாவித்திருந்தால் பிரச்சினை இல்லை. என்றாலும் போல்டரை முதலில் கணினிக்குக் கொப்பி பண்ணி வேலை செய்வதே பாதுகாப்பு.

வட்ஸ்அப்பில் ஸ்கிரிப்டை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். அது டவுன்லோட்ஸ் போல்டரில் தனியே விழும், வேரும் தெரியாது, டேட்டாவும் தெரியாது. முழுப் போல்டரையும் சிப் பண்ணி அனுப்புங்கள். வாங்குகிறவர் கவனிக்கவேண்டியது ஒன்று: விண்டோஸில் சிப்பை விரிக்காமல் உள்ளே நுழைந்து ஸ்கிரிப்டைச் சொடுக்கினால், அந்த ஒரு பைல் மட்டும் ஏதோ தற்காலிகப் போல்டருக்குப் பிரிந்துபோய்த் திறக்கும். முதலில் எக்ஸ்ட்ராக்ட் ஓல், பிறகு ஆர்புரொஜ் பைல். புள்ளியில் தொடங்கும் .ஹியர் போன்ற பைல்கள் மக்கிலும் லினக்ஸிலும் மறைந்திருக்கும், தெரிவுசெய்து கொப்பி பண்ணும்போது விடுபடும். போல்டரை மொத்தமாகக் கொப்பி பண்ணினால் விடுபடாது.

ஆர் மார்க்டவுன் அறிக்கை, கொன்சோலில் ஓடுகிறது, நிட் பண்ணினால் ஓடவில்லை.

நிட் என்றால் அறிக்கையை முழுதாக ஓட்டி ஆவணமாக்குவது. அப்போது அந்த அறிக்கைப் பைல் இருக்கும் போல்டரே வேர்க்கிங் டைரக்டரி ஆகிறது. கொன்சோல் வேரில் நிற்கிறது. ஹியர் பாவித்தால் இரண்டும் ஒன்றாகும். மார்க்டவுனைப் போன்ற குவார்ட்டோவில் புரொஜெக்டின் அமைப்புப் பைலில் எக்சிக்யூட்-டிர் என்பதற்கு புரொஜெக்ட் என்று கொடுத்தும் சரிசெய்யலாம்.

இணையம் சரியில்லை, பக்கேஜ் இறக்க முடியாது. வேறு வழி?

இணையம் உள்ள இடத்தில் ஹியர், ஆர்-புரொஜ்-ரூட் இரண்டின் பைல்களையும் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து, இன்ஸ்டோல்.பக்கேஜஸ் கட்டளையில் ரெப்போஸ் = நல் என்று கொடுத்து ஏற்றலாம். ஆர்-புரொஜ்-ரூட்டை முதலில் ஏற்றுங்கள்.

அதுவும் முடியாவிட்டால் அடிப்படை ஆரிலேயே ஒரு சிறு பங்ஷன் எழுதலாம். கெட்-டபிள்யூ-டி தரும் பாதையை எடுத்து, அதற்குள் .ஹியர் பைல் இருக்கிறதா என்று பைல்.எக்சிஸ்ட்ஸால் பாருங்கள். இல்லையென்றால் டிர்நேம் கட்டளையால் ஒரு படி மேலே போங்கள், மறுபடி பாருங்கள். உச்சிக்கு வந்துவிட்டால் டிர்நேம் அதே பாதையையே திருப்பித் தரும். அங்கே ஸ்டொப் போட்டு எரர் கொடுங்கள். ஆறேழு வரிதான்.

அவுட்புட் போல்டர் இல்லை என்று எழுத மறுக்கிறது.

ரைட்.சிஎஸ்வி போல்டரை உருவாக்காது. எழுதுவதற்கு முன் டிர்.கிரியேட்(ஹியர்("அவுட்புட்"), ரிகர்சிவ் = ட்ரூ, ஷோவார்னிங்ஸ் = போல்ஸ்) என்று ஒரு வரி. கிட் பாவிப்பவர்களுக்கு இது கட்டாயம், ஏனென்றால் கிட் வெற்றுப் போல்டரை வைத்துக்கொள்ளாது.

விண்டோஸில் ஓடியது பல்கலைக்கழக லினக்ஸ் சேவரில் ஓடவில்லை.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து. லினக்ஸுக்கு இரண்டும் வேறு, விண்டோஸ் பொருட்படுத்தாது. மழைமானி, நீர்மட்டப் பதிவுக் கருவிகள் பல பெரிய எழுத்தில் .சிஎஸ்வி என்று எழுதும். லிஸ்ட்.பைல்ஸ் பாவிக்கும்போது இக்னோர்.கேஸ் = ட்ரூ என்று கொடுங்கள்; புல்.நேம்ஸ் = ட்ரூ என்பதையும் சேருங்கள், இல்லாவிட்டால் வெறும் பெயர் மட்டும் வரும், ரீட்.சிஎஸ்விக்குப் பாதை தெரியாது.

வீட்டு ஆய்வுத் தரவில் ஆட்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கின்றன. அதையும் புரொஜெக்டுக்குள்தான் வைப்பதா?

இல்லை. வைக்கவே வேண்டாம். போல்டர் கைமாறும் என்று தெரிந்துதான் இவ்வளவு ஒழுங்கும் செய்கிறோம். அதே போல்டர் ஒரு குடும்பத்தின் இழப்பையும் காணி விபரத்தையும் சுமந்து திரியக்கூடாது. மீள்குடியேறிய கிராமங்களில் மக்கள் நம்மை நம்பிச் சொன்னவை அவை.

அந்தப் பைலைப் புரொஜெக்டுக்கு வெளியே, கடவுச்சொல் உள்ள இடத்தில் வையுங்கள். அந்த இடத்தின் பாதையை ஸ்கிரிப்டில் எழுதாமல், ஆர் தொடங்கும்போது படிக்கும் .ஆர்என்விரோன் என்ற பைலில் ஆய்வு_தரவு=டி:/பாதுகாப்பு என்பது போல எழுதுங்கள். ஸ்கிரிப்டில் சிஸ்.கெட்என்வ் கட்டளையால் அதை எடுக்கலாம். ஒவ்வொருவர் கணினியிலும் பாதை வேறாக இருக்கலாம், ஸ்கிரிப்ட் ஒன்றே. பெயர்களை நீக்கிய பிரதி மட்டும் டேட்டாவுக்குள் வரட்டும்.

கவனிக்க மூன்று உண்டு. அந்தப் பைலின் கடைசி வரிக்குப் பின் ஒரு என்டர் இருக்கவேண்டும், இல்லையேல் அந்த வரி படிக்கப்படாமல் போகலாம். புரொஜெக்டுக்குள் ஒரு .ஆர்என்விரோன் இருந்தால் ஆர் அதை மட்டும் படிக்கும், உங்கள் ஹோம் போல்டரில் இருப்பதைப் படிக்காது. பெயர் அமைக்கப்படாவிட்டால் சிஸ்.கெட்என்வ் எரர் தராமல் வெற்றுச் சொல்லைத் தரும்; ஆகவே வெறுமையா என்று பார்த்து, வெறுமை என்றால் தெளிவான செய்தியோடு ஸ்டொப் போடுங்கள்.

ஒவ்வொரு நாளும் தானாக ஓட வைக்கவேண்டும்.

விண்டோஸ் டாஸ்க் ஷெடியூலரில் ஸ்டார்ட் இன் என்ற பெட்டியில் வேர்ப் போல்டரைக் கொடுங்கள். அதை வெறுமையாக விட்டால் ஆர் விண்டோஸின் சொந்தப் போல்டர் ஒன்றில் நின்று தொடங்கக்கூடும், ஹியர் அங்கிருந்து உங்கள் புரொஜெக்டைக் கண்டுபிடிக்காது. மேலே சொன்ன .ஆர்என்விரோனைப் போல இதுவும் முழுப்பாதை எழுத நியாயமான இடம், இரண்டும் ஸ்கிரிப்டுக்கு வெளியே இருக்கின்றன.

முன்னால் இருந்தவர் விட்டுப்போன முப்பது ஸ்கிரிப்டுகள், எல்லாவற்றிலும் முழுப்பாதைகள். எங்கே தொடங்குவது, அண்ணா?

முதலில் முழுப் போல்டரையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து ஒதுக்கி வையுங்கள். பிறகு வேரைத் தீர்மானித்து ஆர்புரொஜ் பைலை உருவாக்குங்கள். ஆர்ஸ்டூடியோவில் பைன்ட் இன் பைல்ஸ் என்ற தேடலில் செட்-டபிள்யூ-டி, ‘சி:’, ‘டி:’ மூன்றையும் தேடினால் மாற்றவேண்டிய வரிகளெல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொரு பாதையும் காட்டும் பைல் உண்மையில் இப்போது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நேரம் எடுக்கும் வேலை. காணாமற் போனவற்றை முன்னால் இருந்தவரிடம் தொடர்பு அறுந்துபோக முன்னரே கேட்டுவிடுங்கள். தரவு வேலையில் இடமாற்றத்துக்குப் பிறகு ஆறு மாதம் என்பது நீண்ட காலம்.

ஒரு நேரத்தில் ஒரு ஸ்கிரிப்டை மாற்றுங்கள், மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். ஓட்டும் முன் ஆரை மறுபடி தொடங்கவேண்டும். பழைய அமர்வில் ஏற்கெனவே ஏற்றிய தரவு நினைவகத்தில் கிடந்தால், பாதை உடைந்திருந்தும் அடுத்த வரிகள் ஓடிவிடும். குளோபல் ஒப்ஷன்ஸில் போய், தொடங்கும்போது .ஆர்டேட்டாவை (முந்தைய அமர்வின் தரவைச் சேமித்த பைல்) மீட்காதே, மூடும்போது சேமிக்காதே என்று இரண்டையும் அமைத்துவிடுங்கள். எல்லாம் ஓடிய பிறகு, போல்டரின் பெயரை மாற்றி, வேறு டிரைவில் அல்லது பென்டிரைவில் வைத்து, அங்கிருந்து முதலிலிருந்து ஒருமுறை ஓட்டுங்கள். எங்காவது நின்றால் நிற்கும் வரியிலேயே ஒரு பழைய பாதை ஒளிந்திருக்கும்.